பச்சை உடம்புக்காரியின் மனசை யார் கேட்பது?

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, வெந்நீர்க் குளியல், காதில் பஞ்சு, வயிற்றில் இறுக்கிக் கட்டிய துணி என்று அந்த உடம்பைத் தேற்ற வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. பால் சுரக்கிறதா என்று பத்துப் பேர் விசாரிப்பார்கள். மனசு எப்படியிருக்கிறது என்று கேட்க அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆளிருக்காது. குழந்தை உறங்கும்போதும் கண்மூட முடியாமல், எதிலும் பிடிப்பில்லாமல், 'நானெல்லாம் ஒரு தாயா' என்ற எண்ணத்தோடு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், "புள்ளைய வச்சுக்கிட்டு என்னடி அழுகை?" என்ற அதட்டல்தான் கிடைக்கும்.

பிரசவமான மூன்று நான்கு நாளில் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதைத் தாண்டியும் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் பேறுகால மனச்சோர்வு. வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கர்ப்பத்திலேயே அது தொடங்கிவிடுவதும் உண்டு.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பின்தொடர்ந்து நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஆபத்தைக் கூட்டியவை எவை என்றும் பார்த்தார்கள். குறைந்த வருமானம். ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது. மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனக்கசப்பு. கர்ப்பத்தின்போது நேர்ந்த துயரங்கள். கைவேலைக்குத் துணையில்லாமை. இவற்றில் எதற்கும் சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

கண்டுபிடிக்க வழியில்லாமலும் இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் காக்ஸும் அவரது சகாக்களும் 1987-இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் இன்று உலகம் முழுக்கப் புழங்குகின்றன. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, வீணாக உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்ற தினுசில் போகும். தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. தமிழ் வடிவத்தையும் வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், 'ஆமாம், எனக்கு அப்படித்தான் இருக்கிறது' என்று சொல்பவளை எங்கே அனுப்புவது?

இந்தக் கேள்விக்கு நல்லதொரு பதில் பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் கிடைத்தது. அங்கே 'லேடி ஹெல்த் வொர்க்கர்' என்று அரசு ஊழியர்கள் உண்டு. நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் போல வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பவர்கள். பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மானின் குழு இவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும், சில மாதம் கழித்து ஒரு நாள் மறுபயிற்சியும் கொடுத்தது. அவ்வளவுதான்.

பிரசவத்துக்கு முந்தைய மாதம் வாரம் ஒரு சந்திப்பு. பிறந்த முதல் மாதத்தில் மூன்று. பிறகு மாதத்துக்கு ஒன்றாக ஒன்பது. மொத்தம் பதினாறு. படங்களைக் காட்டிப் பேசுவார்கள். 'என் தலையெழுத்து, என் குழந்தை எப்படியும் நோஞ்சானாகத்தான் இருக்கும்' என்று ஒரு தாய் நினைத்தால், அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது, அதை விட்டு இன்றைக்குச் செய்யக்கூடிய சின்ன வேலை எது என்று சேர்ந்து யோசிப்பார்கள். 'மனநோய்' என்ற சொல்லையே முன்னால் வைக்கவில்லை. தாயும் சேயும் நலமாக இருப்பதற்கான பேச்சு என்றுதான் அறிமுகம். பேரப்பிள்ளையின் நலனைச் சொல்லிக்கொண்டு வருபவருக்கு எந்த மாமியாரும் கதவைச் சாத்துவதில்லை. இந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனமே இதுதான்.

மனச்சோர்வு உறுதியான 903 கர்ப்பிணிகள் இதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களில் பயிற்சி பெற்றவர்கள் போனார்கள். மீதிக் கிராமங்களில் பயிற்சியில்லாத ஊழியர்கள் அதே எண்ணிக்கையில் வீட்டுக்கு வந்துபோனார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இரண்டாம் வகைக் கிராமங்களில் 53 சதவீதம் தாய்மார்கள் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் போன கிராமங்களில் 23 சதவீதம்தான். சும்மா வந்துபோவது போதாது, எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி முழுமையாகப் போடுவது கூடியது. ஆனால் எடையிலும் உயரத்திலும், எதிர்பார்த்த அளவுக்கு மாற்றம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் 2008-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கையேடாகவே வெளியிட்டது. பின்னர் கோவாவில், ஊழியர்களுக்குப் பதில் உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்துப் பார்த்ததில் ஓரளவு பலன் கிடைத்தது.

எல்லாவற்றையும் பேசியே தீர்த்துவிட முடியாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே, இல்லாத குரல் கேட்கும், சித்தம் கலங்கும். காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போய் நாளைக் கடத்தினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே பிள்ளையைப் பிரித்து வைத்துவிடுவார்களோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு 2009-இலிருந்து இயங்குகிறது. அப்படிப்பட்ட படுக்கைகள் மாவட்டத்துக்குக் குறைந்தது நான்கு இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தயங்காமல் வரும். இன்றைக்கு, வீட்டிலிருந்தே பேச 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண் இருக்கிறது.

ஒன்றரை மாத ஊசிக்கு ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். கணியம்பாடி ஆய்வில் தாய்மார்களிடம் மறுபடி பேசியதும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகுதான். ஊசி போட்டதும் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பத்துக் கேள்விகளையும் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.