சந்தைத் தளத்தில் இரண்டு மாதம்: கோடைக்காலப் பயிற்சி என்றால் என்ன?

கோடை விடுமுறை நெருங்கினால் நம் சங்க அன்பர்களின் வீடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு எழுகிறது. காலை ரயிலில் சென்னைக்குப் போய் வணிகவியலும் மேலாண்மையும் படிக்கும் பிள்ளைகள், "இந்த லீவுக்குக் கடைக்கு வரமாட்டேன், மும்பையில் டிரேடிங் ஃபுளோரில் இன்டர்ன்ஷிப் போகிறேன்" என்கிறார்கள். அது சூதாட்டமா, உத்தியோகமா, படிப்பா என்று பெற்றோருக்கு விளங்குவதில்லை. என் தம்பியின் பேரன் அப்படி இரண்டு மாதம் போய் வந்தான். அவனை உட்கார வைத்து மண்டிக் கணக்குக் கேட்பது போல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் சொன்னதையும், சந்தைகளைப் பற்றி நான் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கூச்சல் இருந்த காலம்

டிரேடிங் ஃபுளோர் என்றால் நேர்ப்பொருளில் வியாபாரம் நடக்கும் தரை. 1875இல் தொடங்கிய பம்பாய்ப் பங்குச் சந்தையில், தலால் தெருக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் புரோக்கர்களும் அவர்களுடைய ஆட்களும் நெருக்கியடித்து நின்று விலை கூவுவார்கள். சென்னையிலும் செகண்ட் லைன் பீச்சில் பங்குச் சந்தை இருந்தது. 1920இல் முதன்முதலாக ஏற்பட்டு, நின்று, மறுபடி 1937இல் தொடங்கி, 2015இல் மூடப்பட்டது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு மளிகைக் கொள்முதலுக்குப் போன நம்மில் பலர் அதற்குச் சற்று தூரத்தில்தான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். அங்கே நடந்ததும் ஏலம், இங்கே நடந்ததும் ஏலம்.

சிகாகோ சந்தையில் கூச்சலில் காது கேட்காது என்பதால் கைச்சாடை வைத்திருந்தார்கள். உள்ளங்கை தன்னைப் பார்த்திருந்தால் வாங்குகிறேன், வெளியே பார்த்திருந்தால் விற்கிறேன். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்து விலை பேசுவதற்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஒரே வித்தியாசம், அவர்கள் விலையை எல்லோருக்கும் காட்டினார்கள், நாம் மறைத்தோம்.

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கணினி வழியாகப் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. 1995 மார்ச்சில் பம்பாய்ப் பங்குச் சந்தையும் கணினிக்கு மாறியது. கூச்சல் அடங்கிற்று. ஆனால் லண்டன் உலோகச் சந்தையில் இன்றும் வட்டமாக உட்கார்ந்து, ஒரு உலோகத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூவி விலை பேசும் வழக்கம் இருக்கிறது.

இன்றைய தளம்

இன்று டிரேடிங் ஃபுளோர் என்பது வங்கி அல்லது புரோக்கர் கம்பெனியில் ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். ஆளுக்கு மூன்று, நான்கு கணினித் திரைகள். பங்குக்கு ஒரு வரிசை, அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு ஒரு வரிசை, டாலருக்கு ஒரு வரிசை. பேசும் டெலிபோன் பேச்செல்லாம் பதிவாகும். பல இடங்களில் சொந்த செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சந்தை காலை 9.15க்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடியும். ஆனால் பையன் 7 மணிக்கே வந்துவிட வேண்டும். இரவு அமெரிக்காவில் என்ன நடந்தது, கச்சா எண்ணெய் என்ன விலை, டாலர் என்ன விலை என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பெரியவர்கள் மேஜையில் வைக்க வேண்டும். 3.30க்குப் பிறகு கணக்கு நேர் செய்ய வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே பணமும் பங்கும் கைமாறிவிட வேண்டும் என்பது விதி. நாம் 15 நாள், 30 நாள் தவணை கொடுத்துவிட்டு ஆள் அனுப்புகிறோம். அங்கே ஒரு நாள்.

பயிற்சிப் பையன் என்ன செய்கிறான்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் போகும் பையன் அங்கே வியாபாரம் செய்வதில்லை. ஒரு ரூபாய்க்குக்கூட வாங்க, விற்க அவனுக்கு அனுமதி இல்லை. பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான். பழைய விலைகளை அட்டவணை போடுவான். மதியச் சாப்பாடு வாங்கி வருவான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மேஜை மாறுவான். கேட்கலாம், ஆனால் எப்போது கேட்பது என்று தெரிய வேண்டும். விலை ஓடும்போது கேள்வி கேட்டால் அடி விழாத குறைதான்.

ஒரு பயிற்சியை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பெரியவர் திடீரென்று ஒரு எண்ணைப் பற்றிக் கேட்பார். அதற்கு வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும் உடனே சொல்ல வேண்டும். சொன்ன விலையில் அவர் வாங்கவும் செய்வார், விற்கவும் செய்வார். எங்கள் பையனிடம், "உங்கள் ஊர் மலைக்கு எத்தனை படி?" என்று கேட்டிருக்கிறார். திருத்தணிப் பிள்ளைக்கு 365 என்று சொல்லித் தர வேண்டுமா? "364க்கு வாங்குகிறேன், 366க்கு விற்கிறேன்" என்றான். அவர் சிரித்துவிட்டு, "இந்தக் கட்டடத்தில் மொத்தம் எத்தனை படி?" என்றார். இவனுக்குத் தெரியாது. ஆனாலும் வேகத்தில் "600, 610" என்று சொல்லிவிட்டான். சரியான எண் அதைவிட வெகுதூரத்தில் இருந்தது. "தெரிந்ததற்கு விலையை நெருக்கிச் சொன்னாய், சரி. தெரியாததற்கும் ஏன் நெருக்கிச் சொன்னாய்? தெரியாவிட்டால் விலையை அகட்ட வேண்டும், அல்லது வாயை மூட வேண்டும்" என்றாராம்.

மாதிரி பார்க்காத மல்லாட்டைக்கு நாம் குறைத்துத்தானே கேட்போம்? அதே பாடம்தான்.

இது நமக்குப் புதிதல்ல

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய காலத்தில் சிறு பையன்களைப் பெட்டியடிப் பையன் என்று சேர்த்தார்கள். ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நீண்ட கூடங்களாகக் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி. பெட்டியருகே உட்கார்ந்து சிட்டை எழுதி, செய்தி கொண்டுபோய், வட்டிக் கணக்கு மனத்தில் போட்டுப் பழகினான் பையன். பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள். மேலாள் ஆகும்வரை முதலாளி பணத்தைத் தன் பொறுப்பில் கடன் கொடுக்க முடியாது. பையனை முதலில் பார்க்க விட்டு, பிறகே பணத்தைத் தொட விட்டார்கள். மும்பைக் கூடத்தில் இன்று செய்வதும் அதுதான்.

அவன் கொண்டு வந்த ஒரு சொல்

பையன் திரும்பி வந்ததும் அதிகமாகச் சொன்ன சொல் "லிமிட்". அங்கே ஒவ்வொருவருக்கும் இத்தனை ரூபாய்க்கு மேல் சரக்கு வைத்திருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. இத்தனை ரூபாய் நஷ்டம் வந்தால் கேள்வியில்லாமல் விற்று வெளியே வந்துவிட வேண்டும். இருபது வருடம் அனுபவமுள்ளவருக்கும் இதில் விலக்கில்லை. வரம்பைக் கண்காணிக்கத் தனி ஆட்கள் உண்டு. அவர்கள் வியாபாரிக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்ல.

அதைக் கேட்டபோது எனக்குப் பழைய புளிக் கணக்கு நினைவு வந்தது. ஒரு வருடம் விளைச்சல் குறைவு என்று நம்பி, சக்திக்கு மீறிப் புளி வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கினேன். விலை இறங்கியது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று ஆறு மாதம் ஓட்டினேன். வாடகையும் வட்டியும் ஏறி, முதலுக்கே மோசம் வந்தது. அதைச் சொன்னதும், "எந்த விலை வந்தால் விற்றுவிடுவது என்று வாங்கும்போதே எழுதி வைத்தீர்களா, தாத்தா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. நாற்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு வரி நான் எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை.

கைபேசி சந்தைத் தளம் அல்ல

இந்தக் கட்டுரையை எழுத உண்மையான காரணம் வேறு. நம் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில், ஆடிக் கிருத்திகைக் கொள்முதலுக்கு ஒதுக்கிய பணத்தை வீட்டுப் பையன் கைபேசியில் 'ஆப்ஷன்' வியாபாரத்தில் மூன்று வாரத்தில் இழந்தான். காவடிக் கூட்டம் வந்த நாளில் அந்தக் கடையில் சரக்கு இல்லை. தகப்பனார் வெளியே சொல்லக்கூட இல்லை. அந்தப் பையன் தன்னை டிரேடர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வியாபாரம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரி சுமார் 2 லட்ச ரூபாய். எதிர்ப்பக்கத்தில் லாபம் எடுத்தவர்கள் யார்? பெரிய கம்பெனிகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். 2023-24இல் அவர்கள் லாபத்தில் 96, 97 சதவீதம் கணினியே தானாக விலை போடும் முறையில் வந்தது. எதிரே இருப்பது இயந்திரம் என்று நம் பையனுக்குத் தெரிவதில்லை. கூடத்தில் இருப்பவனுக்கு வரம்பு வைக்க ஆள் உண்டு. கடைத் திண்ணையில் கைபேசியோடு இருப்பவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

பயிற்சிக்குப் பணம் கட்டச் சொன்னால் அனுப்பாதீர்கள். நல்ல இடத்தில் அவர்கள்தான் உதவித்தொகை தருவார்கள். "உன் பெயரில் கணக்குத் தொடங்கிப் பணம் போட்டுப் பழகு" என்றால் அது பயிற்சியல்ல, ஆள் பிடிப்பு. கம்பெனியின் பதிவு எண்ணை செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள். எத்தனை வாரம், யார் மேற்பார்வை, என்ன வேலை என்று கடிதமாக வாங்குங்கள். போகுமுன் பையன் செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வு ஒன்றை எழுதினால் நல்லது; அடிப்படை விளங்கும்.

மும்பை கிடைக்காவிட்டால் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தையாவது ஒரு நாள் பார்க்கட்டும். அங்கும் கணினியில்தான் ஏலம் நடக்கிறது. மஞ்சள், சீரகம், தனியா மூன்றுக்கும் என்சிடெக்ஸ் முன்பேர விலை தினமும் வருகிறது. நம் கொள்முதலுக்கு அது உதவும். 2021 டிசம்பரில் கடலை, பாசிப்பயறு, கோதுமை உள்ளிட்ட 7 சரக்குகளின் முன்பேர வியாபாரத்தை செபி நிறுத்தியது ஏன் என்று பையனைக் கேளுங்கள். அவன் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

எங்கள் பையன் இன்னும் கல்லூரியில்தான் படிக்கிறான். மும்பைக்கே போவானோ, மண்டிக்கு வருவானோ, அது அவன் விருப்பம். ஆனால் இந்த வருடம் நான் மிளகாய் வாங்கியபோது, கொள்முதல் ஏட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இன்னொரு விலையும் எழுதியிருக்கிறேன். அது எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவது என்பது. அன்பர்களும் எழுதிப் பாருங்கள்.