வீட்டு நாய்க்குச் சொறி வந்தால்

வளவைக் காக்கும் நாய் உரோமம் கொட்டி, இரவு பகலாகச் சொறியத் தொடங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுகிறோம். அல்லது பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றுகிறோம். அதற்கும் மாறாவிட்டால் சந்தையடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். இம்மூன்றும் பிழையானவை.

சொறி அழுக்கினால் வருவதல்ல. சார்கொப்டிஸ் எனப்படும் மிகச் சிறிய உண்ணியே அதற்குக் காரணம். அதன் நீளம் அரை மில்லிமீற்றரும் இல்லை. பெண் உண்ணி தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். முட்டை பொரித்து, வளர்ந்து, மீண்டும் முட்டையிட ஏறத்தாழ மூன்று வாரங்கள் செல்லும். காதோரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களிலேயே சொறி முதலில் தோன்றும். ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு இலகுவில் தொற்றும்.

நாய் தன் உடலை நக்கும் இயல்புடையது. ஆகவே பூசிய ஒயில் வயிற்றுக்குள்ளும் போகின்றது. தோலினூடாகவும் நஞ்சு ஊறுகின்றது. பயிர்ப் பூச்சிமருந்தோ வாயில் நீர் வடிந்து, வலிப்பு வந்து, நாய் இறக்கவும் காரணமாகலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

1. மிருக வைத்தியரிடம் காட்டுவோம். ஐவர்மெக்டின் ஊசி அல்லது புதிய வகை மாத்திரைகளால் சொறி மாறும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை நாமே அளவு பார்த்துக் கொடுக்கக் கூடாது. அளவு கூடினால் நாய்க்கு, விசேடமாகக் குட்டிகளுக்கு, ஆபத்து.

2. ஐவர்மெக்டின் முட்டைகளைக் கொல்லாது. எனவே சொறிவது குறைந்தாலும், வைத்தியர் சொன்ன நாளில் மறு ஊசியும் போடவேண்டும்.

3. வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுக்க வேண்டும். படுத்த சாக்கை எரித்துவிட வேண்டும்.

நாயைத் தூக்கி விளையாடும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் கடியுள்ள பருக்கள் வரலாம். இந்த உண்ணி மனிதரில் நிலைத்துப் பெருகாது. நாய் சுகமானால் அவையும் மறையும். மறையாவிட்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

குட்டிகளின் முகத்தில் உரோமம் உதிர்ந்து வட்டங்கள் தெரிந்தால் அது டெமோடெக்ஸ் என்னும் வேறொரு உண்ணியாக இருக்கலாம். அது பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து வருவது, மனிதருக்குத் தொற்றாது. சிறிய வட்டங்கள் பெரும்பாலும் தாமாகவே மாறும். பரவினால் மருந்து தேவை.

சந்தையடியில் நாம் விட்ட நாய் அங்குள்ள நாய்களுக்குச் சொறியைக் கொடுக்கும். அவற்றிடமிருந்து அது மீண்டும் எமது வளவுக்கே வந்துசேரும். காவல் காத்த பிராணிக்கு மருந்து கொடுப்பது எமது கடமை மட்டுமல்ல, எமக்குப் பாதுகாப்பும் ஆகும்.