கேள்வி நேரமும் மந்திரியின் பொறுப்பும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், கப்பன் பூங்காவை அடுத்து நிற்கும் விதான சௌதாவைக் காட்டி வராத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. 1956ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அக்கருங்கல் மாளிகையின் முகப்பில், சர்க்கார் பணி தெய்வப் பணி என்னும் பொருள்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. நல்ல வாசகந்தான். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. தெய்வத்தை நோக்கி யாரும் துணைக் கேள்வி கேட்பதில்லை. சர்க்காரை நோக்கிக் கேட்கலாம், சர்க்கார் விடை கூறியே ஆக வேண்டும். அந்த உரிமை எவ்வாறு செயற்படுகிறது என்பதை இங்குக் காண்போம்.

இக்கன்னட நாட்டிற்கு இது புதிய பொருளன்று. செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்து மைசூரின் திவானாக உயர்ந்த ரங்காசார்லு, 1881ஆம் ஆண்டில் மைசூர்ப் பிரதிநிதி சபையைத் தொடங்கி வைத்தார். முதற் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டோர் 144 பேர். தசராவை ஒட்டிக் கூடிய அச்சபையில், வந்தவர்கள் தத்தம் பகுதியின் குறைகளைத் திவானிடம் எடுத்துரைத்தனர். சுதேச சமஸ்தானங்களில் இத்தகைய சபை ஏற்பட்டது அதுவே முதன்முறை. ஆனால் குறையை எடுத்துரைப்பது வேறு. விடையைப் பெறுவது வேறு. கேட்டவருக்கு விடை கிடைக்காவிட்டாலும், கிடைத்த விடை பொய்யாக இருந்தாலும், திவானைப் பதவியிலிருந்து இறக்க அச்சபையால் இயலாது. அரசியல் சட்டத்தின் 75ஆம் விதியோ, மந்திரி சபை லோக சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று விதிக்கிறது. பழைய சபைக்கும் இன்றைய பாராளுமன்றத்திற்கும் உள்ள இடைவெளி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

லோக சபை கூடும் நாட்களில் காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. ராஜ்ய சபையில் 2014ஆம் ஆண்டு முதல் இது நண்பகல் 12 மணிக்கு நடைபெறுகிறது. கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் எழுந்து வாயால் விடையளிக்க வேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலமான விடை போதும். லோக சபையில் ஒரு நாளைக்கு முதல்வகையில் 20 கேள்விகளும், இரண்டாம் வகையில் 230 கேள்விகளும் இடம்பெறலாம். குறைந்தது முழுமையான 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

பதினைந்து நாள் அவகாசம் இருப்பதால் முதல் விடை இலாகாவில் தயாராகிவிடும். அதிகாரிகள் எழுதுவார்கள், மந்திரி படிப்பார். படித்து முடித்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. கேட்ட அங்கத்தினர் துணைக் கேள்வி எழுப்புகிறார். சபாநாயகர் அனுமதித்தால் பிறரும் எழுப்புகிறார்கள். அப்போது தாளில் உள்ள விடை உதவாது. பொருளை மந்திரி அறிந்திருக்கிறாரா, அறிந்ததை மறைக்கிறாரா என்பதெல்லாம் சில நிமிஷங்களில் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு நம்மவர் ஒருவரைப் பற்றிய நிகழ்ச்சியையே சான்றாகக் கூறலாம். சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாசாரி 1957இல் நேருவின் மந்திரி சபையில் நிதி மந்திரியாக இருந்தார். கூர்மையான அறிவும் அதைவிடக் கூர்மையான நாவும் உடையவர் என்று பெயர் பெற்றவர். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் தேசியமயமாக்கப்பட்டு, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியிருந்தது. சிறுகச் சிறுகப் பிரிமியம் கட்டிய லட்சக்கணக்கான குடும்பங்களின் பணம் அதனிடம் இருந்தது. 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபருடன் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை, ஏறத்தாழ 1 கோடியே 24 லட்ச ரூபாய்க்கு அந்தக் கார்ப்பரேஷன் வாங்கியது. முதலீடுகளைப் பற்றி ஆலோசனை கூறவென்றே ஏற்பட்டிருந்த குழுவை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை.

இச்செய்தி சபைக்கு வந்தது ஒரு கேள்வியின் வடிவில். 1957 செப்டம்பரில் பீகாரைச் சேர்ந்த அங்கத்தினர் ராம் சுபக் சிங், முந்த்ராவின் கம்பெனிகளில் கார்ப்பரேஷன் பணம் போட்டிருக்கிறதா என்று கேட்டார். கிடைத்த விடையில் முழு விவரம் இல்லை. விஷயம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆண்டுதோறும் எத்தனையோ விஷயங்கள் அவ்வாறு முடிகின்றன. ஆனால் நவம்பரில் கேள்வி மீண்டும் எழுந்தது. டிசம்பர் 16ஆம் தேதி பெரோஸ் காந்தி விவாதத்தைத் தொடங்கி, பங்குகளுக்குச் சந்தை விலையைவிட அதிக விலை கொடுக்கப்பட்டிருப்பதை எண்ணிக்கைகளுடன் எடுத்துக் காட்டினார். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் எதிர்க்கட்சியினர் அல்லர்; இருவரும் ஆளுங்கட்சியான காங்கிரஸைச் சேர்ந்தவர்கள். பெரோஸ் காந்தியோ பிரதம மந்திரியின் மருமகன். கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமே என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளலாம்.

விசாரணைக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர சர்க்காருக்கு வேறு வழி இருக்கவில்லை. பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனியொருவராக விசாரணைக் கமிஷனில் அமர்ந்து, விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது. இக்காலத்துக் கமிஷன்களின் ஆயுளை அறிந்தவர்களுக்கு இந்த வேகம் வியப்பளிக்கும்.

மந்திரியின் தரப்பு வாதம் என்ன? பேரத்திற்குத் தாம் ஒப்புதல் தரவில்லை, தம் இலாகாவின் காரியதரிசி செய்த செயல் அது என்பதே. நீதிபதி அதை ஏற்கவில்லை. காரியதரிசியின் செயலுக்கும் அரசியல் சட்ட முறைப்படி மந்திரியே பொறுப்பாளி என்றார். இன்னொன்றும் அவர் சொன்னார். நமது பொருளுக்கு அதுவே முக்கியமானது. மந்திரிகள் தொடக்கத்திலேயே பாராளுமன்றத்தை நம்பி உண்மைகளையெல்லாம் அதன் முன் வைத்துவிட வேண்டும், பின்னால் வேறு வழியாக அவை வெளிவரும்போதுதான் சங்கடங்கள் விளைகின்றன என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், பேரம் ஒரு தவறு. செப்டம்பர் மாதத்து அரைகுறை விடை மற்றொரு தவறு. கிருஷ்ணமாசாரி அதே பிப்ரவரியில் ராஜினாமாச் செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மந்திரி சபைக்குத் திரும்பி, 1963இல் நிதி இலாகாவையே ஏற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கேள்வியின் வலிமை விடை கிடைத்த அன்று தெரிவதில்லை. சபையில் மந்திரி கூறிய ஒவ்வொரு சொல்லும் அச்சேறி நிற்கிறது. பிற்பாடு எவரும் அதை எடுத்துக் காட்டலாம். சர்க்கார்க் கடிதங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட என்போன்றோருக்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற தொடர் மிகவும் பழகிய தொடர். பொருளற்ற சம்பிரதாயம் என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் லோக சபையில் 1953 முதல் இயங்கிவரும் சர்க்கார் வாக்குறுதிகளுக்கான குழு அவ்வாறு தள்ளுவதில்லை. ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்துப் பார்க்கிறேன்’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்பன போன்ற தொடர்களையெல்லாம் வாக்குறுதியாகக் கணக்கிட்டு, அவற்றை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று வற்புறுத்துகிறது. காலங்கடந்தவை பல உண்டு. எனினும், எந்த இலாகா எந்த வாக்கை எப்போது கொடுத்தது என்பது மறைவதில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள இருபது கேள்விகளில் பல நாட்களில் நான்கைந்துதான் வாய் விடையை எட்டுகின்றன. கூச்சலில் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கரைந்துபோகும் நாட்களும் உண்டு. கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கினார்கள் என்ற குற்றத்திற்காக 2005 டிசம்பரில் இரு சபைகளிலுமாகப் பதினோரு அங்கத்தினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2020 செப்டம்பர்க் கூட்டத்தில், கொரோனாத் தொற்றைக் காரணங்காட்டிக் கேள்வி நேரமே நீக்கப்பட்டு, எழுத்து விடைகள் மட்டும் வழங்கப்பட்டன. எழுத்து விடையை எதிர்த்துத் துணைக் கேள்வி கேட்க முடியாது என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு புலப்படும்.

சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்ற ஐயம் எழலாம். வழக்கமாக எங்கு வசிக்கிறோமோ அங்கேதான் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, அல்சூரில் வாழும் தமிழருக்குப் பாராளுமன்ற அங்கத்தினர் பெங்களூர்க்காரரே. திருவண்ணாமலைக்காரரோ வேலூர்க்காரரோ அல்லர். குடிநீர், சாலை, போலீஸ் ஆகியவை விதான சௌதாவில் கேட்க வேண்டியவை. ரயில், தபால், வருங்கால வைப்பு நிதி ஆகியவை டில்லியில் கேட்க வேண்டியவை. இந்நகரின் விமானத் தொழிற்சாலையும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் மத்திய சர்க்காருக்கு உரியவை. அவற்றில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்திருக்கிறார்கள். இத்தகைய நிறுவனங்களின் அன்றாட நிர்வாகத்தைப் பற்றிய கேள்விகள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. கொள்கையைப் பற்றியும் பொதுப் பணத்தைப் பற்றியும் கேட்கலாம். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனும் தன்னாட்சி நிறுவனந்தான் என்பது நினைவிருக்கட்டும்.

அங்கத்தினருக்குக் கடிதம் எழுத விரும்புவோர், லோக சபை விதிகளின்படி கேள்வி வழக்கமாக 150 சொற்களுக்கு மேற்படலாகாது என்பதை அறிந்து எழுதுவது நல்லது. கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, பழிச்சொல் கூடாது. கோர்ட்டின் முன்னுள்ள வழக்கும் கூடாது. ‘எங்களுக்கு ஓய்வூதியம் ஏன் சரியாக வருவதில்லை?’ என்று எழுதினால் பயன் குறைவு. எந்த அலுவலகம், எத்தனை மனுக்கள், எந்தத் தேதி முதல் தேங்கியுள்ளன என்று எழுதினால், அதைக் கேள்வியாக்குவது அங்கத்தினருக்கு எளிது. கேள்வி ஏற்கப்பட்டதும், டில்லி இலாகாவிலிருந்து பெங்களூர் அலுவலகத்திற்கு விவரம் கேட்டு ஓலை வரும். கட்டிவைத்த கோப்பு அவிழ்க்கப்படும். பல சமயங்களில், மந்திரி சபையில் எழுந்து நிற்பதற்கு முன்பே தேங்கிய மனுக்களில் பாதி தீர்ந்திருக்கும்.