கோப்பைக்கு முன் நிலவறை

பிரான்சின் ரான்ஸ் நகரில் தரைக்கு மேலே இருப்பது பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் நேரே ஷாம்பெயின் கோப்பையைத் தேடிப் போகிறார்கள். முதலில் நிலவறைக்குள் இறங்குங்கள் என்பேன். பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். காலையில் கிளம்பினால் நிதானமாகப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம்.

கட்டடங்களுக்காக எப்போதோ சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில்தான் ருயினார், பொம்மெரி, வூவ் கிளிக்கோ போன்ற நிறுவனங்கள் புட்டிகளை அடுக்கி வைத்திருக்கின்றன. கோடையானாலும் சால்வை வேண்டும். உள்ளே ஆண்டு முழுக்க 10 முதல் 12 டிகிரிதான். முதல் உலகப்போரில் ஜெர்மானியக் குண்டுகள் நகரைச் சிதைத்தபோது, மக்கள் இங்கேதான் தஞ்சம் புகுந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நிலவறையிலேயே நடந்தது.

ஷாம்பெயினில் குமிழியை வெளியிலிருந்து ஏற்றுவதில்லை. ஏற்கெனவே ஒயினாகிவிட்டதைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மறுபடி நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்து, அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. புட்டிகள் வெடிக்கும் என்பதால் அந்தக் காலத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்துதான் உள்ளே போவார்கள்.

நுரைக்கும் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற துறவி என்பார்கள். அது கட்டுக்கதை. ஓட்வில்லேர் மடத்தில் 1668 முதல் 1715 வரை நிலவறையைக் கவனித்த அவர், ஒயின் நுரைக்காமல் இருக்கப் பாடுபட்டவர். பல தோட்டத்துத் திராட்சைகளை அறிந்து கலப்பதில் அவர் காட்டிய தேர்ச்சிதான் உண்மையான பெருமை. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பது பற்றி கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர் 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்துச் சொல்லிவிட்டார்.

நொதித்த பிறகு மடிந்த ஈஸ்ட் வண்டலாகப் படியும். நுரை போகாமல் அதை மட்டும் எப்படி எடுப்பது? வழி பிறந்தது பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் நிலவறையில். 1805-ல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது 27. தொழிலைத் தானே ஏற்று நடத்தினார். புட்டிகளைத் துளையிட்ட பலகையில் தலைகீழாகச் செருகித் தினமும் திருப்பும் முறை 1816 வாக்கில் அங்கே உருவானது. இன்று பெரும்பாலும் இயந்திரம்தான். ஆனாலும் கையால் திருப்புகிறவரைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு புட்டியின் அடியைப் பற்றி, அரைக்கால் சுற்றோ கால் சுற்றோ திருகி, டக்கென்று விடுவார். கை அடுத்த ஜோடிக்குப் போய்விடும். வாரக்கணக்கில் இப்படித் திருப்பினால்தான் வண்டல் முழுக்கக் கழுத்துக்கு இறங்கும். பிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறப்பார்கள். உள்ளிருக்கும் அழுத்தமே வண்டலைப் பனிக்கட்டியோடு வெளியே தள்ளிவிடும். குறைந்ததை ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்புகிறார்கள். இனிப்பு பிடிக்காதவர்கள் 'ப்ரூட்' என்று கேளுங்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரைதான் இருக்கும்.

எப்பெர்னே நகரின் அவென்யூ து ஷாம்பெயினில் பெரிய நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. மோயே எ ஷாந்தோனின் நிலவறை மட்டும் 28 கிலோமீட்டர் நீளம். அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்த கையோடு கிராமங்களுக்கும் போங்கள். தன் தோட்டத்துத் திராட்சையைத் தானே ஒயினாக்கும் விவசாயியின் லேபிளில் 'ஆர்.எம்.' என்ற எழுத்துகள் சிறிதாக இருக்கும். அவரிடம் மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் நேரடியாகக் கேட்கலாம். எனக்கு அந்தப் பேச்சுதான் பெரிது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது அவசியம். அறுவடைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது; திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்று அங்கே விதி, யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

சாதாரண ஷாம்பெயினே புட்டியில் 15 மாதமாவது இருந்தாக வேண்டும். ஆண்டு குறித்தவை குறைந்தது மூன்று வருடம். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்துப் பாருங்கள். பழையதில் ரொட்டி வாசனை தெரியும், அது அந்த ஈஸ்ட் தந்தது. சுவைத்துத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுகிறவர் கூச்சப்படாமல் அதைப் பயன்படுத்தலாம்.