அரசாணை சட்டம் ஆகுமா? 1610-இல் எழுந்த கேள்வியும் நம் நிலமும்

சேர்வராயன் மலையின் வாழவந்தியில் நடந்த ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து எங்களிடம் கேட்டார்: "வக்கீலய்யா, எதைக் கேட்டாலும் அரசாணை இருக்குதுங்கிறாங்க. அரசாணைன்னா சட்டங்களா?" அவர் கையில் நெகிழி உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்த நில ஆவணம் ஒன்று இருந்தது. ஓர் அலுவலகத்தில் யாரோ வாயால் சொன்ன அந்த அரசாணையை அவர் ஒருமுறையும் கண்ணால் பார்த்ததில்லை.

'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை சொல்ல எங்களால் இயலவில்லை. 'அரசாணை' என்ற தமிழ்ச்சொல்லில் அரசனின் ஆணை என்ற பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள்பவர் எழுதிக் கையொப்பமிட்டால் அதுவே சட்டம் என்று நம் மக்கள் காலங்காலமாகப் பழக்கப்படுத்தப்பட்டுள்ளனர். அப்படியன்று என்று முதன்முதலில் தெளிவாக எழுதப்பட்ட இடங்களுள் ஒன்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்கிருந்து தொடங்கினால் வாழவந்தியின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மன்னனின் பிரகடனமும் நீதிபதியின் மறுப்பும்

1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், மன்னனின் அதிகாரம் இறைவனிடமிருந்து நேரே வருவது என்று நம்பியவர். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் பிரகடனங்கள் வழியே ஆள்வது அவருக்கு எளிதாக இருந்தது. லண்டனிலும் அதைச் சுற்றியும் புதிய கட்டடங்கள் எழுப்பக் கூடாது என்று ஒரு பிரகடனம். கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை தயாரிக்கக் கூடாது என்று மற்றொன்று. மீறியவர்களைத் தண்டிக்க, சான்றாயர் குழு இல்லாமலே விசாரிக்கும் 'நட்சத்திர அறை' என்ற நீதிமன்றம் இருந்தது.

பிரகடனங்கள் பெருகப் பெருக, அவையே சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று 1610-இல் மக்களவை மன்னனிடம் முறையிட்டது. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கை அழைத்து, இந்தப் பிரகடனங்கள் செல்லுமா என்று அமைச்சர்கள் கருத்துக் கேட்டனர். உடனே 'செல்லும்' என்று சொல்லிவிடும்படி அழுத்தம் தரப்பட்டது. கோக் அவகாசம் கேட்டார். பின்னர் சக நீதிபதிகளுடன் கலந்து அவர் தந்த கருத்தின் சாரம் இரண்டே வரிகளில் அடங்கும். முன்பு குற்றமாக இல்லாத ஒன்றை மன்னன் தன் பிரகடனத்தால் குற்றமாக்க முடியாது. நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அதிகாரத்தைத் தவிர வேறு தனியதிகாரம் எதுவும் மன்னனுக்குக் கிடையாது.

ஆனால் அந்தக் கருத்து எழுதப்பட்ட மறுநாளே இங்கிலாந்து மாறிவிடவில்லை. பிரகடனங்கள் தொடர்ந்து வந்தன. 1616-இல் கோக் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். நாடாளுமன்ற ஒப்புதலின்றிக் 'கப்பல் பணம்' என்ற வரியை விதித்தார். கட்ட மறுத்த ஜான் ஹேம்ப்டனின் வழக்கில் பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னன் பக்கமே நின்றனர். நட்சத்திர அறை ஒழிக்கப்பட்டது 1641-இல். சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டது 1649-இல். நாடாளுமன்றத்தின் இசைவின்றிச் சட்டங்களை நிறுத்திவைக்கும் அதிகாரம் மன்னனுக்கு இல்லை என்று உரிமைகள் சட்டம் அறிவித்தது 1689-இல். ஒரு நீதிபதியின் சொல் ஆட்சியின் விதியாக உறுதிப்பட ஏறத்தாழ எண்பது ஆண்டுகளும் ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன.

இங்கே இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. மன்னனை அடக்கிய அந்த நாடாளுமன்றம் நிலவுடைமையாளர்களின் நாடாளுமன்றம். 1647-இல் பட்னியில் கூடிய படைவீரர்கள் ஏழைக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டபோது தளபதிகள் மறுத்தனர். ஆணை சட்டத்திற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது முதல் படி. அந்தச் சட்டத்தை எழுதும் இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு, தனித்தொகுதி ஆகியவற்றுக்காக அம்பேத்கர் போராடியது இந்த இரண்டாம் கேள்விக்காகவே. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இன்று பழங்குடியினருக்கான தனித்தொகுதியாக இருப்பது அதன் ஒரு விளைவு.

நம் மண்ணில் பிரகடனங்கள்

மன்னன் கொடுத்ததை மன்னனே எடுத்துக்கொள்ளலாம் என்பதை இங்கிலாந்து சென்றுதான் கற்க வேண்டும் என்பதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி. நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதை 1829-இல் ஓர் அரச பிரகடனம் தடுத்தது. நெடிய போராட்டத்திற்குப் பின் 1859-இல் இன்னொரு பிரகடனம் மேலாடை அணிய இசைந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற வரம்புடன். 1936 நவம்பர் 12 அன்று வெளியான கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேற்கத்தக்கதே. ஆனாலும் அது மன்னனின் விருப்பத்தில் நின்றது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவோ எவருடைய விருப்பத்திலும் நிற்கவில்லை.

அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு 'சட்டம்' என்ற சொல்லுக்குள் ஆணை, அறிவிக்கை, விதி, சட்ட வலிமை பெற்ற வழக்காறு ஆகியவற்றையும் சேர்த்தது. அடிப்படை உரிமைக்கு முரணானவை எந்த வடிவில் வந்தாலும் செல்லாது. 300-அ பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது என்கிறது. 1962-இல் கரக் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசக் காவல்துறையின் விதிகள் வெறும் துறைசார் அறிவுறுத்தல்களே, சட்டம் அல்ல என்று கூறிய உச்ச நீதிமன்றம், நள்ளிரவில் வீடு புகுந்து சோதிக்கும் அதிகாரத்தை நீக்கியது. 1967-இல் தாக்கூர் பரத் சிங் வழக்கில், சட்டத்தின் ஆதரவின்றி நிர்வாகம் குடிமகனின் உரிமையில் கைவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கோக் கூறியதன் இந்திய வடிவம் இது.

அவசரச் சட்டங்களின் கதையும் இதே வகைதான். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. சில மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, பதினான்கு ஆண்டுகள் வரை உயிருடன் வைக்கப்பட்டன. பேராசிரியர் வாத்வா தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது.

வாளின் மறுமுனை

இதுவரை சொன்னது நமக்குச் சாதகமான பாதி. அரசாணையால் நம் உரிமையைப் பறிக்க முடியாது. மறுபாதி கசப்பானது: அரசாணையால் மட்டுமே தரப்பட்ட உரிமை உறுதியற்றது.

கல்லூரி மாணவர்கள் இதைத் தங்கள் வாழ்வில் கண்டவர்கள். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் 92-ஆம் எண் அரசாணை வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அதை நம்பிக் கல்லூரியில் சேர்ந்தனர். 2017-இல் வந்த வேறோர் அரசாணை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை அதிலிருந்து விலக்கியது. சட்டமன்றத்தில் விவாதித்து ஒரு சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

பஞ்சமி நிலம் இதற்குப் பெரிய சான்று. செங்கல்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர், ஒடுக்கப்பட்டோர் ஒரு துண்டு நிலமும் இன்றி எவ்வாறு அடிமைகளாக வைக்கப்பட்டுள்ளனர் என்று 1891-இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010-ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை பிறந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன நிபந்தனைகள். இவை அனைத்தும் வாழ்ந்தது வருவாய் வாரியத்தின் நிலையாணைகளிலும் ஒப்படைப்பு ஆவணங்களிலும்தான். நிலத்தை மீட்டு உரியவரின் வாரிசிடம் ஒப்படைக்கக் காலவரம்பும் கடமையும் கொண்ட தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்படவில்லை. மீட்பு, அலுவலரின் மனநிலையைச் சார்ந்ததாயிற்று. அந்த நிலத்தைக் கேட்டுத் திரண்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். கர்நாடகம் 1978-இல் ஒரு சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அலுவலர் நிலத்தை மீட்டு முதலில் பெற்றவரிடமோ வாரிசிடமோ ஒப்படைக்க வேண்டும். 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. பின்னாளில், நியாயமான காலத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை என்று கூறி நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளத் தொடங்கியபோது, 2023-இல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து காலவரம்பு இல்லை என்று எழுதியது. சட்டம் இருந்ததால்தான் அதைத் திருத்தவும் இடம் இருந்தது.

மலையில் என்ன நிலை?

இப்போது வாழவந்திக்குத் திரும்புவோம். சேலம் மாவட்டத்தின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அந்தத் தகுதி குடியரசுத் தலைவரின் ஆணையால் வருவது. ஆனால் 342-ஆம் பிரிவு அந்த ஆணைக்கே கடிவாளம் இட்டுள்ளது: ஒருமுறை வெளியான பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். அதனால்தான் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆளும் கட்சி மாறினாலும் ஓர் அரசாணையால் அவர்களை வெளியேற்ற முடியாது.

நிலத்துக்கோ அத்தகைய காப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க ஆந்திரத்தில் ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு; இங்கு வருவாய் நிலையாணையே துணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே காப்பித் தோட்டங்கள் புகுந்த மலை இது. இன்று விடுதிகளும் சொகுசு வீடுகளும் அதன் சரிவுகளில் ஏறுகின்றன. நிலையாணையின் வேலி இத்தனை அழுத்தத்தைத் தாங்காது.

வன நிலத்தில் மட்டும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உறுதியான பிடிமானம் தருகிறது. உரிமைக் கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பரிசீலனை முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) உட்பிரிவு. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவதற்கு 2008-இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தால் விலக்கப்பட்டது. இழந்த அந்த எட்டு ஆண்டுகளை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு கிராம சபைகளுக்கும் நமக்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

'அரசாணை இருக்கிறது' என்று யாரேனும் சொன்னால் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். அதன் எண்ணும் நாளும் என்ன? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் பிறந்தது? நம்மிடமிருந்து எதையாவது பறிக்கிறதா? பறிக்கிறதென்றால், முன்னறிவிப்பு தந்து நம் தரப்பைக் கேட்டார்களா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேட்டால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். சட்டப் பிரிவைக் காட்ட முடியாத ஆணை நம் உரிமையைத் தொட முடியாது.

நமக்கு நன்மை செய்யும் அரசாணைகளைச் சட்டமாக்கக் கோருவது அடுத்த பணி. இது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மண்டல் தீர்ப்பால் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்தபோது, 1993-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 1994-இல் அது ஒன்பதாம் அட்டவணையில் ஏறியது. அருந்ததியர் உள்ஒதுக்கீடும் 2009-இல் சட்டமாகவே வந்தது. அரசியல் விருப்பம் இருந்தால் ஆணை சட்டமாகும் என்பதற்கு இவையே சான்று. பஞ்சமி நிலத்துக்கும் பழங்குடியினர் நிலத்துக்கும் மட்டும் ஏன் அந்த விருப்பம் பிறக்கவில்லை என்ற கேள்வியை ஒவ்வொரு தேர்தலிலும் நாம் எழுப்ப வேண்டும்.

வாழவந்தி முதியவரிடம் நாங்கள் இறுதியில் சொன்னது இதுதான்: "ஐயா, அரசாணையைக் காட்டி உங்க நிலத்தை எடுக்க முடியாது. ஆனா அரசாணையை மட்டும் நம்பி உங்க பேரப்பிள்ளைகளுக்கு நிலம் நிக்கவும் நிக்காது. சட்டம் வேணும்." அவர் ஆவணத்தை மீண்டும் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டே, "அப்ப அதை யாரு போடுவாங்க?" என்று கேட்டார்.

அவர் வாக்களித்து அனுப்பும் சட்டமன்றம்தான் போட வேண்டும். போட வைக்க வேண்டியவர்கள் நாம்.