ஸ்காலா தெருவில் அன்று மருந்து, இன்று மணம்

ஃபிளாரன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், ஸ்காலா தெருவிலுள்ள சாந்தா மரியா நொவெல்லா வாசனைக் கடைக்கு. டொமினிக்கன் துறவிகள் மடத்துத் தோட்டத்து மூலிகைகளில் மருந்து செய்துவந்த இடம் இது. 1381இலேயே அவர்கள் பன்னீர் விற்றதாகச் சொல்கிறார்கள். மேனியில் தெளித்துக்கொள்ள அல்ல, கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டைத் தூய்மை செய்ய. வெளியாருக்குக் கடை திறந்தது 1612இல். வந்தவர்களுக்கு மருந்துதான் குறி. நறுமணம் கூடவே வந்த லாபம்.

1866இல் இத்தாலிய அரசு மடங்களின் சொத்தை எடுத்துக்கொண்டது. கடை, கடைசித் துறவி நிர்வாகியின் உறவினர் கைக்குப் போனது. இன்று அது ஒரு முதலீட்டு நிறுவனத்தின் சொத்து. கடையின் கொலோனை வீட்டிலிருந்தே இணையத்தில் தருவித்துக்கொள்ளலாம். அப்படியும் கூட்டம் குறையவில்லை. விற்பனைக்கூடம் முன்பு சிற்றாலயமாக இருந்தது. அதன் வளைவுக் கூரையைக் கைபேசியில் பிடிக்கவே பலர் வருகிறார்கள். வரட்டும். ஆனால் வாங்கப் போகிறவர் காலையிலேயே போய்விட வேண்டும். ஆளுக்கொன்றாகத் தெளித்த பிறகு எந்த மூக்குக்கும் எதுவும் விளங்காது.

மாறாதது மூலப்பொருள். பெர்கமோட் பழத்தோலின் எண்ணெய் இன்றும் பெரும்பாலும் கலாப்ரியாவிலிருந்துதான். முதல் நிமிடத்தில் மயக்கிவிட்டுச் சீக்கிரமே பறந்துவிடும். காகிதத் துண்டை முகர்ந்ததும் பணத்தை நீட்டுகிறவர் ஏமாறுவது இதனால்தான். டஸ்கனியின் ஐரிஸ் நேர் எதிர். அதன் மணம் பூவில் இல்லை, கிழங்கில். தோண்டித் தோல் சீவி ஆண்டுக்கணக்கில் உலர்த்தினால்தான் வாசனை பிறக்கும்; விலையும் அதற்கேற்ப. மணிக்கட்டில் தடவிக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றிவந்து முடிவு செய்யலாம். இணையக் கடை தராத வசதி இது.

அந்தச் சுற்றில் ஆர்னோ ஆற்றைத் தாண்டினால் பார்தி தெரு. 1990 முதல் தன் பெயரிலேயே வாசனை செய்துவரும் லொரென்சோ வில்லொரேசியின் இடம் அங்கே. அன்று குப்பிக்கு மடத்தின் பெயர் போதும். இன்று கலந்தவர் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வாங்கிய பொருளுக்கான வரியை விமான நிலையச் சுங்கத்தில் பில்லைக் காட்டித் திரும்பப் பெறலாம். ஒரே பில் 154.94 யூரோவைத் தாண்ட வேண்டும் என்பது நெடுநாள் விதி. அந்த விசித்திரச் சில்லறை, பழைய 3 லட்சம் லிராவை அப்படியே மாற்றியதில் வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து 70 யூரோவைத் தாண்டினாலே போதும். பல கடைகளில் ஒரே குப்பியில் தாண்டிவிடும்.