கடற்கரைக்குப் பின்னால் – 8: கோவாவைத் தாங்கும் மண்கரைகள்

கோவாவின் கடற்கரை ஏறத்தாழ 105 கிலோமீட்டர். 2024-இல் அந்த மாநிலத்துக்கு வந்த பயணிகள் ஒரு கோடிக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 14.58 லட்சம் பேர்தான். வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி கடலோரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் தங்கி, அதற்குள்ளேயே சாப்பிட்டு, குளித்து, ஊர் திரும்பிவிடுகிறது. இது போதாது என்று நினைப்பவர்களுக்காகப் பயண நிறுவனங்கள் ‘பீச்சைத் தாண்டிய கோவா’ என்று ஒன்றை வைத்திருக்கின்றன: பழைய கோவாவின் தேவாலயங்கள், போண்டா பக்கத்து மசாலாத் தோட்டங்கள், தூத்சாகர் அருவி. மூன்றும் பார்க்க வேண்டியவையே. ஆனாலும் கடலை விட்டு உள்ளே திரும்பும் கண் முதலில் காண வேண்டியது இவற்றில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விடுதிகளின் பின்சுவரை ஒட்டியே தொடங்கும் தாழ்ந்த நெல்வயலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே கஸான் என்று பெயர். அது தன்னால் அமைந்த வயல் அல்ல. கடலிடமிருந்து மனிதர் மீட்ட நிலம். அந்த மீட்பு இன்னும் முடியவில்லை, நாள்தோறும் இரண்டு முறை நடந்துகொண்டிருக்கிறது.

கோவாவின் மாண்டவி, ஸுவாரி ஆறுகள் கடலை நெருங்குகையில் சரிவு இழந்து பரந்துவிடுகின்றன. ஓதம் ஏறும்போது உப்புநீர் ஆற்று வழியே பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். இயற்கையின் போக்கில் விட்டால் இரு கரையும் சேறும் அலையாத்திக் காடுமாகவே இருக்கும். அந்தச் சேற்றில் நெல் விளைவிக்க வழி கண்டவர்கள் ஆற்றோரமாகக் களிமண், வைக்கோல், மூங்கில், செம்புராங்கல் ஆகியவற்றைக் கொண்டு கரை எழுப்பினார்கள். கரைக்கு வெளியே அலையாத்தி மரங்களை வெட்டாமல் விட்டார்கள். அலையின் முதல் அடியை அவை வாங்கிக்கொள்ளும். கரையில் ஓரிடத்தில் மதகு. அங்கே மானோஸ் என்கிறார்கள். அதன் மரக்கதவைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டாம். வெளியே ஓதம் ஏறினால் அதன் அழுத்தத்தில் கதவு சாத்திக்கொள்ளும்; வெளியே நீர் வடிந்தால் உள்ளிருக்கும் மழைநீர் தள்ளிக் கதவைத் திறக்கும். உப்பு உள்ளே வராது, வெள்ளம் உள்ளே தேங்காது. மதகை ஒட்டி உட்புறம் ஆழமாக ஒரு குட்டை விட்டிருப்பார்கள். வயலின் வடிகால் அங்கே சேரும். இறாலும் கொடுவாயும் மடவையும் வளரும் இடமும் அதுதான். ஜூன் மழை மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு விதைப்பு. உவரைத் தாங்கும் கோர்குட் போன்ற நாட்டு நெல் வகைகள் இந்த நிலத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அறுவடைக்குப் பிறகு சில இடங்களில் காய்கறி, சில இடங்களில் உப்புப் பாத்தி, சில இடங்களில் மீன். ஒரே நிலத்தில் சோறும் குழம்பும் உப்பும் கிடைத்துவந்தன. கேரளத்தின் பொக்காளி உவர்நெல் வயல்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

மதகைவிட வியப்பானது அதைப் பராமரித்த ஏற்பாடு. மண்கரையை நண்டு துளைக்கும், ஓதம் அரிக்கும், மழை கரைக்கும். ஓரிடத்தில் உடைந்தாலும் ஊர் முழுவதும் உப்பேறிவிடும். மறுபடி கழுவி எடுக்கச் சில மழைக்காலம் பிடிக்கும். ஆகவே ‘என் வயல், என் கரை’ என்று தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. ஊர்ப்பொது நிலத்தைக் கூட்டாக நிர்வகித்த காவ்ன்காரி என்னும் ஊர்ச்சபைகள் இந்தத் தேவையோடு சேர்ந்தே நின்றன. நிலத்தைச் சாகுபடிக்கு ஏலம் விட்டார்கள், மதகில் மீன் பிடிக்கும் உரிமையைத் தனியாக ஏலம் விட்டார்கள், வந்த பணத்தில் கரையைச் செப்பனிட்டார்கள், மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நம் ஊர் ஏரிகளின் குடிமராமத்து ஏற்பாட்டோடு ஒப்பிடலாம், ஆனால் இங்கே பராமரிப்புக்கான வருமானம் அந்த மதகிலிருந்தே வந்தது. 1510-இல் கோவா நகரைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் இந்தச் சபைகளைக் கலைக்கவில்லை. 1526-இல் போர்ச்சுக்கீசிய அதிகாரி அஃபோன்ஸோ மெஷியா அவற்றின் வழக்கங்களைச் சாசனமாக எழுதிவைத்தார். கோயில்களை இடித்த அரசு கரைகளைக் காத்த சபைகளை விட்டுவைத்ததற்குக் காரணம் தெளிவு: வரி அந்த வயல்களிலிருந்துதான் வந்தது. கோவாவில் பிறந்த வரலாற்றாசிரியர் டி.டி. கோசாம்பி இந்த ஊர்ச் சமுதாயங்களைப் பற்றி எழுதிய கட்டுரை அவருடைய ‘மித் அண்ட் ரியாலிட்டி’ (1962) நூலில் இருக்கிறது. கோவாவுக்குக் கிளம்பும் முன் ஒரு பக்கமேனும் படிப்பதானால் அதைப் படிக்கச் சொல்வேன்.

இதெல்லாம் எங்கோ உள்நாட்டில், கார் வைத்துக்கொண்டு ஒரு நாள் போய்வர வேண்டிய இடத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். தெற்கே கவெலோசிம், மோபோர் விடுதிகள் கடலுக்கும் சால் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் நிற்கின்றன. முன்வாசலில் கடல், பின்வாசலில் ஆறும் அதன் வயல்களும். வடக்கே கண்டோலிமுக்குப் பின்னால் நெருல் ஓடையும் அதன் உப்புப் பாத்திகளும். பணஜியிலிருந்து பழைய கோவா தேவாலயங்களுக்குப் போகும் பயணிகளில் பலர் ரிபந்தர் வரை நீளும் சாலையில் போகிறார்கள். அது 1630-களில் லின்யாரஸ் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது தாழ்நிலத்தின் குறுக்கே கட்டப்பட்ட, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள கல்பாலம். இருபுறமும் ஓதநீர் நிலம். அதில் உப்பளங்கள் இருந்தன. உப்பு ஒருகாலத்தில் கோவாவின் பெரிய ஏற்றுமதி. 1878-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் போர்ச்சுக்கலும் செய்த உடன்படிக்கையில் உப்பு உற்பத்தியின் கட்டுப்பாடு பிரிட்டிஷார் கைக்குப் போனது; ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய். உப்பளத் தொழிலாளர்களின் பிழைப்பில் விழுந்த அந்த அடி ஆறவே இல்லை. ஒரு தேவாலயத்தின் பலிபீடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் வழிகாட்டிகள், அங்கே போகும் சாலையின் இருபுறமும் இருப்பதைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும்.

கஸான்களின் பரப்பு சுமார் 18,000 ஹெக்டேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கணிசமான பகுதி இன்று உப்பேறியோ தரிசாகவோ கிடக்கிறது. இதற்குச் சுற்றுலாவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1961-இல் கோவா விடுதலை பெற்ற பிறகு, 1964-இல் குத்தகைச் சட்டமும் 1976-இல் அதன் ஐந்தாம் திருத்தமும் வந்தன. உழுதவர்களுக்கு நிலம் சொந்தமானது. கரையைப் பார்க்கும் கடமை மட்டும் யார் தோளிலும் உறுதியாக அமரவில்லை. குத்தகையாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பல இடங்களில் அவற்றிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. மதகின் மீன் விலை நெல்லின் விலையை மிஞ்சியபோது, ஏலம் எடுத்தவர்களே கதவைத் திறந்து வைத்து உப்புநீரை உள்ளே விட்டார்கள். வயலில் நெல் போய் மீன் வந்தது. இரும்புத்தாது ஏற்றிய பார்ஜ்கள் எழுப்பிய அலைகள் மாண்டவி, ஸுவாரி கரைகளை அரித்தன. கொங்கண் ரயில் பாதையின் வழித்தடத்தை 1990-களில் கோவாவில் பலர் எதிர்த்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, அதன் மேடுகள் இந்த வயல்களின் வடிகாலைக் குறுக்கே மறிக்கும் என்பது. இன்று அந்த ரயிலின் சன்னலில் இருந்து பார்த்துப் பலரும் படமெடுக்கும் பச்சை வெளிகளில் சில அந்த வாதத்துக்குக் காரணமான அதே வயல்கள்.

சுற்றுலாவின் பங்கு இங்கேதான் வருகிறது. உப்பேறித் தரிசான வயல், வெளியூர்க் கண்ணுக்கு வெற்று நிலம். வெற்று நிலத்துக்கு விலை உண்டு. கடற்கரையில் இடம் தீர்ந்த பிறகு, பயணியாக வந்தவர் வீடு வாங்குபவராகத் திரும்பி வருகிறார். டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருந்து வருபவர்களுக்கு ‘வயல் பார்த்த வீடு’ விற்கப்படுகிறது. அந்த வயலில் மண் கொட்டினால்தான் அடுத்த வீடு கட்ட முடியும். மண் கொட்டிய இடத்தில் மழைநீர் நிற்க இடமில்லை. அது பக்கத்து வயலுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் போகும். நிலத்தைக் கட்டடத்துக்குத் திறந்துவிட்ட, 2011-ஐ இலக்காண்டாகக் கொண்ட மண்டலத் திட்டத்தை மக்கள் கிளர்ச்சி 2007-இன் தொடக்கத்தில் திரும்பப் பெற வைத்தது. 2023-இல் நெல்வயலை விவசாயி அல்லாதவருக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டமும் வந்தது. இவ்வளவு சட்டம் தேவைப்படுகிறது என்றால் மறுபக்கத்தின் அழுத்தம் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த அழுத்தத்தில் பயணியின் பங்கும் இருக்கிறது, அவர் அறியாமலேயே. அறிய வைப்பதற்குத்தான் கடற்கரைக்குப் பின்னால் போகச் சொல்கிறேன்.

இதற்கு உடனே எழும் மறுப்பு வலுவானது. கடற்கரையைக் கெடுத்த கூட்டத்தை உள்ளூருக்கும் அனுப்பினால் அதையும் கெடுக்காதா? வட கோவாவின் அசகாவ் கிராமம் கண்முன்னே இருக்கிறது. ‘அமைதியான உட்கிராமம்’ என்று எழுதி எழுதியே உணவகங்களும் நெரிசலும் அங்கே வந்தன. உள்ளூர்க்காரர் வாங்க முடியாத விலைக்கு வீடுகள் போயின. இந்த மறுப்பின் பாதியை நான் ஏற்கிறேன். உட்கிராமத்தில் தங்கும் விடுதி கட்டுவதும் உட்கிராமத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. கஸானைப் பார்க்க அங்கே ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை. கஸான்கள் உள்ள திவார் தீவுக்கும் சொராவ் தீவுக்கும் ஃபெர்ரி போகிறது. ஏற்கெனவே இருக்கும் அறையில் தங்கி, அரை நாள் போய், கரைமேல் நடந்து, ஓதம் திரும்பும் நேரத்தில் மதகருகே நின்று திரும்பலாம். நான் கேட்பது புதிய இடங்களுக்குப் பயணிகளைப் பரப்புவது அல்ல. வருகிற அதே பயணி, தான் இருக்கும் இடம் எதன்மேல் நிற்கிறது என்று அறிய வேண்டும் என்பதுதான். அறிந்தவர்களில் சிலராவது வயல் பார்த்த வீட்டின் விளம்பரத்தை வேறு கண்ணால் படிப்பார்கள்.

இன்னொரு மறுப்பு கோவாவுக்குள்ளிருந்தே வருவது, இதைவிடக் கூர்மையானது. காவ்ன்காரி ஒன்றும் சமத்துவச் சபை அல்ல. ஊரை முதலில் அமைத்த குடும்பங்களின் ஆண் வாரிசுகளுக்கே அதில் உரிமை. பெண்களுக்கு இடமில்லை. கரையில் மண் சுமந்தவர்களுக்கும் சேற்றில் நாற்று நட்டவர்களுக்கும் பங்கு இல்லை. அந்த ஏற்பாட்டைப் போற்றுவது பழைய ஆதிக்கத்தைப் போற்றுவது ஆகாதா? ஆகும், கரையையும் சபையையும் பிரித்துப் பார்க்காவிட்டால். உழுதவருக்கு நிலம் கொடுத்த சட்டம் நியாயமானது. அதைத் திருப்பிப் போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேள்வி வேறு: உரிமை கைமாறியபோது கூட்டுப் பராமரிப்புக்கான பணமும் பொறுப்பும் ஏன் கூடவே கைமாறவில்லை? மதகு ஏலப் பணம் கரைக்குத்தான் என்ற பழைய விதியை, சாகுபடி செய்யும் எல்லாரும், பெண்கள் உட்பட, உறுப்பினராக இருக்கும் ஓர் அமைப்பின் கையில் கொடுக்க முடியாதா? கஸானைப் போற்றுவது அதைக் கட்டிய உழைப்பாளிகளைப் போற்றுவதாகவும் இருக்க முடியும். கரையின் ஒவ்வொரு கூடை மண்ணும் சாசனத்தில் பெயர் இல்லாத ஒருவர் தலையில் வந்ததுதானே.

நெல் கட்டுப்படியாகவில்லை, இளைஞர்கள் வயலுக்கு வர மறுக்கிறார்கள், பிறகு எதற்காகக் காப்பது என்று கேட்பவர்களும் உண்டு. வயலின் மதிப்பை நெல்லால் மட்டும் அளப்பதால் வரும் கேள்வி இது. கரை உடைந்தால் உப்பு வயலோடு நிற்காது, அடுத்துள்ள கிணறுகளுக்கும் போகும். பெருமழை நாளில் தண்ணீர் நின்று வடிய இடம் வேண்டும். கடல் மட்டம் உயரும் காலத்தில் அந்தத் தேவை கூடிக்கொண்டே போகும். கைவிட்டால் அலையாத்தி தானே வளர்ந்துவிடும், அதுவும் நல்லதுதானே என்பவர்களுக்கு: உப்பேறிய வயலில் அலையாத்தி வளர்ந்துவிட்டால் அதுவும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். விவசாயி தன் வயலைத் திரும்பப் பெறும் வழி அடைபடுகிறது. கரைக்கு வெளியே காவலாக நின்ற மரம் உள்ளே வந்து வயலை மூடுவது இயற்கையின் வெற்றி என்று என்னால் எண்ண முடியவில்லை.

பயணியால் என்ன செய்ய முடியும்? காலத்தை மாற்றிக்கொள்ளலாம். டிசம்பரில் கஸான் காய்ந்து மஞ்சளாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அது உழைக்கும் நிலம். அந்த மாதங்களில் கடலில் இறங்குவது ஆபத்து, அறை வாடகையும் குறைவு. ஆகஸ்டில் திவாரில் போந்தேரா விழா நடக்கும். ஊரின் இரு பகுதியார் எல்லைக்காகச் சண்டையிட்டதன் நினைவாகக் கொடி பிடித்துப் போகும் விழா அது. நிலத்தின் எல்லை ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை அங்கே பார்க்கலாம். உணவகத்தில் மீன்குழம்போடு வரும் சோறு எந்த ஊர் அரிசி என்று கேட்கலாம். கேட்பவர் பெருகினால் உள்ளூர் அரிசியும் உப்பும் மேசைக்கு வரும். அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. 2011-இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கோவாவுக்கெனத் தனிப்பிரிவு வைத்து, கஸான் நிலங்களை வரைபடமாக்க வேண்டும், அவற்றுக்கு மேலாண்மைத் திட்டம் வகுக்க வேண்டும், அங்கே வளர்ச்சிப் பணி எதற்கும் அனுமதி தரக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வரைபடத்தைப் பயணிகள் கையில் கொடுக்கும் சுற்றுலா வழிகாட்டி நூலிலேயே அச்சிடலாம். கடற்கரைகளின் பட்டியலுக்கு முன்னால் அது இருக்கட்டும்.

அடுத்த வாரம்: மாண்டவிக் கரையோரம், தாது ஏற்றிய சுரங்க ஊர்கள்.